பாரிஸில் ஒரு வசந்தம்: தங்கப் போவதற்கான ஏற்பாடுகள்

வரும் ஏப்ரல் தொடங்கி ஜூன் முடியும்வரை பாரிஸில் வீடெடுத்துத் தங்குவதென்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். முன்பு குழுவோடு போனபோது ஈபிள் கோபுரத்தையும் லூவ்ரையும் ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். இந்த முறை அந்த ஊரில் குடியிருக்க வேண்டும். காலையில் காய்கறி வாங்கி, மதியம் சமைத்து, சாயங்காலம் கால் போன போக்கில் நடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முதலில் விசா கணக்கு. பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் உள்ளே இருக்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். ஏப்ரல் 1-இல் இறங்கி ஜூன் 30-இல் கிளம்பினால் 91 நாள் ஆகிவிடும். அதனால் ஜூன் 29-க்குள் விமானம் ஏறியாக வேண்டும். அதற்கு மேலும் இருக்க விரும்புகிறவர்கள் பிரான்ஸின் நீண்டகால விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு 90 நாள் போதும்.

மாதத்தின் முதல் தேதியில் இறங்குவதற்கும் காரணம் உண்டு. மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும் நவிகோ மாத பாஸ் ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கடைசியோடு முடிந்துவிடும். பாதி மாதத்தில் போய் வாங்கினால் பணம்தான் வீண்.

ஏன் வசந்தம்? போன தடவை தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் ஒரு கடையில் முருங்கைக்காய் வாங்கும்போது யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சொன்னார்: "பிள்ளை, ஓகஸ்டிலை மட்டும் வராதேங்கோ. பாண் கடையளும் பூட்டுப் போட்டிருக்கும், வீட்டுக்குள்ளை வெக்கை தாங்கேலாது." பாண் என்றால் ரொட்டி. அவர் சொன்னது சரி. ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் பலர் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். பழைய வீடுகளில் ஏ.சி. கிடையாது. ஜூனிலோ இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

இனி வீடு. உண்மையில் எங்கள் நேரத்தையெல்லாம் விழுங்கியது இதுதான். பாரிஸில் வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடக் கெடுபிடி அதிகம். தான் குடியிருக்கும் வீட்டை ஒருவர் ஆண்டுக்கு 90 நாளுக்கு மேல் அப்படி வாடகைக்கு விட முடியாது. 2024 வரை அது 120 நாளாக இருந்தது. விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இல்லாத வீடுகளை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களுக்கே வீடு கிடைக்காமல் அல்லாடும் நகரம் அது. விதியை மீறி விடப்படும் வீட்டில் போய்த் தங்க மனசு ஒப்பவில்லை.

படத்தில் அழகாகத் தெரியும் மொட்டைமாடி அறைகளிலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்தில் வேலைக்காரர்களுக்கென்று ஆறாவது மாடியில் கூரையை ஒட்டிக் கட்டிய அறைகள் அவை. சாய்ந்த கூரை, ஒரு ஜன்னல், கட்டிலை ஒட்டியே அடுப்பு. பல கட்டடங்களில் அங்கே லிஃப்ட் போகாது, பின்பக்கத்துக் குறுகலான சுழல்படிதான். காய்கறிப் பையோடு தினமும் ஏற வேண்டும். முழங்கால் வலி இருக்கிறவர்கள் லிஃப்ட் எந்த மாடி வரை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாரிஸ் இருபது வட்டாரங்களாக, நடுவிலிருந்து நத்தை ஓடுபோலச் சுற்றிச் சுற்றி விரிகிறது. நாங்கள் பிடித்தது வடகிழக்கே 19-ஆம் வட்டாரம். ஈபிள் கோபுரம் தூரம்தான், ஆனால் பூட் ஷோமோன் பூங்கா பக்கத்தில். ஒரு காலத்தில் ஜிப்சம் வெட்டிய குவாரி, 1867-இல் பூங்காவாகத் திறந்தார்கள். பாறை, ஏரி, அருவி எல்லாம் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் பெல்வில் தெருச்சந்தை. மதியம் கடை கட்டும் நேரம் நெருங்கியதும் விலையைக் குறைத்துக் கூவுவார்கள், தக்காளியும் கீரையும் பாதி விலைக்குக் கிடைக்கும். சான் மார்த்தன் கால்வாய்க் கரையோரம் நடக்கலாம். லா ஷப்பேலும் பக்கம்தான். கறிவேப்பிலை, இட்லி அரிசி, உளுந்து எல்லாம் அங்கே கிடைப்பதால் பெட்டியில் மளிகை எதுவும் கட்டவில்லை.

நகராட்சி நடத்தும் அருங்காட்சியகங்கள் பலவற்றில் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. பாரிஸின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலேயும் அதில் ஒன்று. டிக்கெட் எடுத்தோமே என்று எல்லா அறைக்கும் ஓட வேண்டாம். ஒரே ஒரு அறையை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த வாரம் மறுபடி போகலாம். நாள் கணக்கில் தங்குவதே இதற்காகத்தானே!

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வீட்டு ஒப்பந்தமும் வங்கிக் கணக்கு விவரமும் கோப்பில் சேர்ந்துவிட்டன. கணவர் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்திருக்கிறார். சந்தையில் விலை கேட்குமளவு வந்துவிட்டது. பதிலைப் புரிந்துகொள்ள இன்னும் சில பாடங்கள் பாக்கி.