3,000 மணி நேரமும் ஒரு கையெழுத்தும்

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சு ஏஎஸ்டபிள்யூ நம்பர் (லைசென்ஸுக்கு முன்னாடி பயிற்சியா வேலை பாக்குறதுக்கான பதிவு) கைக்கு வந்ததும் முக்கால் கிணறு தாண்டியாச்சுன்னு நெனச்சேன், எங்க! கலிஃபோர்னியால எல்சிஎஸ்டபிள்யூ லைசென்ஸ், அதாவது கவுன்சிலிங் பண்ற சமூகப்பணியாளருக்கான லைசென்ஸ் வேணும்னா 3,000 மணி நேரம் வேலை பாக்கணும், 104 வாரம் சூப்பர்விஷன் (அனுபவமுள்ள ஒருத்தர் நம்ம வேலைய கவனிச்சு வழிகாட்டுறது) இருக்கணும், அதுலயும் 6 வருஷத்துக்கு மேல பழசாயிட்டா அந்த மணி நேரம் கணக்குலயே வராது. வாராவாரம் மணி நேரக் கணக்கு எழுதுற லாக் ஷீட்ல சூப்பர்வைசர் கையெழுத்து வேற. நான் சோம்பேறித்தனமா மூணு வாரத்த தள்ளிப் போட்டேன், அதுக்குள்ள சூப்பர்வைசர் வேலைய விட்டுப் போயிட்டாங்க, அவங்கள தேடிப் பிடிச்சு கையெழுத்து வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு (புதுசா வர்றவங்க அந்தந்த வாரமே வாங்கிருங்கப்பா).

ஆனா சூப்பர்விஷன் வெறும் கையெழுத்துக்குன்னு இருந்த நெனப்ப அடுத்து வந்த சூப்பர்வைசர் மாத்திட்டாங்க. ஒரு க்ளையண்ட் பத்தி நான் மூச்சு விடாம சொல்லிட்டிருந்தப்ப நடுவுல நிறுத்தி, அவர் அமைதியானதும் நீங்க ஏன் உடனே பேசுனீங்கன்னு கேட்டாங்க. பதிலே வரல. அந்த அமைதி அவருக்குக் கஷ்டமா இல்ல, எனக்குத்தான் தாங்கல. அடுத்த செஷன்ல பேனாவ கீழ வெச்சுட்டு, கைய மடியில கட்டிட்டு சும்மா உக்காந்தேன், உள்ள படபடன்னு இருக்கு, டிஷ்யூ பாக்ஸையே பாத்துட்டிருந்தவர் கொஞ்ச நேரம் கழிச்சு தானாவே அவங்க அப்பா பத்தி பேச ஆரம்பிச்சார்.