சுங்கச்சாவடியில் ஒரு தக்காளி லாரி

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி. எனக்கு முன்னால் ஒரு தக்காளி லாரி.

தார்ப்பாய் இடுக்கில் ஒரு பழம் நசுங்கி, சாறு சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலையில் விழுந்துகொண்டிருந்தது. தடுப்புக் கம்பி எழுந்தது, லாரி நகர்ந்தது. அப்புறம் நான். கைப்பேசியில் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி.

சாலையைப் பயன்படுத்துபவர் காசு கொடுக்கட்டும் என்பதுதான் கணக்கு. சக்கர அச்சு கூடக் கூட லாரிக்குக் கட்டணமும் கூடும். சாலையை அதிகம் தேய்ப்பவர் அதிகம் கொடுக்கிறார், நியாயம்தான். பைக்குக்குக் கட்டணமே கிடையாது.

ஆனால் பெட்ரோல், டீசலிலும் சாலைக்கென்று ஒரு வரி இருக்கிறதே! 2000-ஆம் ஆண்டே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. பைக் ஓட்டுபவர் அங்கே கொடுத்துவிடுகிறார். நான் இரண்டு இடத்திலும் கொடுக்கிறேன். (வீட்டில் இதைச் சொன்னால், "கார்ல போறவங்க புலம்பக் கூடாது" என்று பதில் வரும்.)

சரி, அந்த லாரி கட்டியது?

அது வாடகையில் ஏறும், வாடகை தக்காளியில் ஏறும். கிருஷ்ணகிரிப் பக்கமே வந்திராத ஒரு பாட்டி, சென்னையில் ஏதோ ஒரு தெருமுனைத் தள்ளுவண்டியில் கால் கிலோ வாங்கிவிட்டு, சுருக்குப்பையிலிருந்து சில்லறையை எண்ணிக் கொடுப்பார். இந்தச் சாவடிக்கான அவர் பங்கும் அதில்தான் இருக்கும்.