செம்பு உடுத்திய சிக்னல் கட்டடம்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையூரான மணக்குடியில் எங்கள் வீட்டு மாடிச் சுவரும் ஓட்டுக்கூரையும் சேரும் இடத்தில் மழைநீர் இறங்காமலிருக்கச் செப்புத் தகடு பொருத்தினோம். தகட்டுக்கே பெருந்தொகை போய்விட்டதால் ஆணியில் சிக்கனம் பார்த்து, இரும்பாணியே போதும் என்று நான்தான் சொன்னேன். இரண்டாவது ஐப்பசி மழை ஓய்ந்தபோது தகட்டில் ஒரு பொத்தலும் இல்லை. ஆணித் தலைகளோ விரல் பட்டதும் துருவாக உதிர்ந்தன. உப்பு ஈரத்தில் செம்பும் இரும்பும் ஒட்டியிருந்தால் கரைவது இரும்புதான்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹெர்சாக், தெ மூரோன் என்னும் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 1994-இல் எழுந்த ரயில்வே சிக்னல் கட்டடத்தின் படங்களை அதன் பிறகு வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஆறு தளங்கள் கொண்ட அந்தக் கான்கிரீட் கூட்டைச் சுற்றி, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமுள்ள செப்புப் பட்டைகள் கிடைமட்டமாக ஓடுகின்றன. சன்னல் உள்ள இடங்களில் மட்டும் அவை மெல்லத் திருகி, வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன. எத்தனை மாடி என்று வெளியிலிருந்து எண்ண முடியாததால், கட்டடம் முழுவதும் ஒரே வார்ப்புச் சிலைபோல் நிற்கிறது. அதே செப்புப் போர்வை, ஃபாரடே கூண்டு எனப்படும் உலோகத் தடுப்பாகி, உள்ளிருக்கும் மின்னணுக் கருவிகளை வெளி மின்புலத்திலிருந்து காக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: அழகுக்கென்று தனியே ஒன்றும் ஒட்டப்படவில்லை.

நம் மாவட்டத்துத் துணை மின்நிலையங்களும் நீரேற்று நிலையங்களும் வண்ணம் பூசிய தகரக் கதவோடு நின்று, சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிகின்றன. அவற்றுக்கும் செம்பு உடுத்தலாம். செம்போடு வேய்ந்த கோயில் கூரைகளைத் திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே பார்த்து வரும் ஊருக்குச் செம்பு புதிதன்று. ஆனால் தகட்டை இறுக்கி ஆணியடித்துவிடக் கூடாது. மூன்று மீட்டர் நீளத் தகடு 40 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும் என்பதால், ஓரங்களை மடித்துக் கவ்வி, நகர இடம் விட்டே பொருத்த வேண்டும். திருட்டைப் பற்றியும் யோசிக்காமல் முடியாது. ஆளில்லாத நீரேற்று நிலையத்தின் சுவரில் கைக்கெட்டும் உயரம்வரை கருங்கல்லும் அதற்கு மேலே செம்பும் என்றால்தான் தகடு தங்கும்.

எங்கள் வீட்டில் இப்போது செப்பாணி. தகடு பழுத்துக் கறுத்து, ஓரங்களில் களிம்புப் பச்சை படர்ந்திருக்கிறது. அதிலிருந்து வடிந்த நீர் கீழேயுள்ள வெள்ளைச் சுவரில் இட்ட பச்சைக் கோடுகளை மறைக்க மீண்டும் வெள்ளையடிக்கச் சொல்கிறாள் மனைவி. தகட்டின் விளிம்பைச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை வெளியே நீட்டியிருந்தால் அந்த வேலையே வந்திராது.