தெருவை மூடுவதற்கு முன்

எங்கள் தெருவிழாவுக்கு முதன்முறை பொறுப்பேற்றபோது, சாலையை மூட அனுமதி கிடைத்துவிட்டாலே சட்டப்படி எல்லாம் முடிந்தது என்று நம்பியிருந்தேன். அனுமதிக் கடிதம் போக்குவரத்தை நிறுத்தும் உரிமையைத் தருமே தவிர, விழாவுக்கு வந்த ஒருவர் தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டால், ஏற்பாட்டாளர்கள் உரிய கவனத்துடன் இருந்தார்களா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. மூன்றாம் நபருக்கான காப்பீட்டை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். அன்று மாலை விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுசென்ற ஒயர் உருளையில் சுற்றியபடியே கிடந்தது. தொட்டபோது கை பொறுக்காத சூடு. சுற்றிய ஒயரில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை உருகித் தீப்பிடிக்கலாம் என்பதால், அதை முழுவதும் பிரித்த பிறகே பயன்படுத்த வேண்டும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் நுழையும் பாதையில் மேசை, நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. தடுப்புகளை உடனே அகற்ற ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.