நடு நீலா

நாகப்பட்டினம் காயாரோகணர் கோயில் அம்மனுக்கு ஆடிப்பூரம் நடந்துகொண்டிருந்த நாளில் நான் பிறந்தேன். பாட்டி வேறு பெயர் தேடவில்லை. நீலாயதாட்சி என்று வைத்துவிட்டார். எட்டாம் வகுப்பில் என்னோடு சேர்த்து மூன்று பேருக்கு அதே பெயர். உயரத்தை வைத்துப் பெரிய நீலா, நடு நீலா, சின்ன நீலா என்று அழைப்பார்கள். முழுப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான்.

ஒரு நாள் தமிழ் ஐயா எங்கள் மூவரையும் எழுப்பிப் பெயருக்குப் பொருள் கேட்டார். "நீல நிற அம்மன் ஆட்சி செய்கிறாள், ஐயா" என்றேன். வகுப்பு சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. "அப்படித்தான் அம்மா தோன்றும்" என்று சொல்லி, கரும்பலகையில் நீல, ஆயத, அக்ஷி என்று பிரித்து எழுதினார். ஆயத என்றால் நீண்ட. அக்ஷி என்றால் கண். மீனாட்சி, விசாலாட்சி, காமாட்சி எல்லாமே கண்ணில் முடிகிற பெயர்கள். முன்சொல்லின் அகரத்தோடு சேர்ந்து நீண்டு, நம் காதில் ஆட்சியாக விழுகிறது.

அதன் கீழே அம்மனின் தமிழ்ப் பெயரைப் பெரிதாக எழுதினார்: கருந்தடங்கண்ணி. தட என்பது பெருமையை, அதாவது பெரிதாக இருப்பதைக் குறிக்கும் உரிச்சொல் என்கிறது தொல்காப்பியம். தடக்கை, தடந்தோள் என்பதும் அதில் வந்ததே. "நீலம் எப்படி ஐயா கருப்பாயிற்று?" என்று சின்ன நீலா கேட்டாள். பழந்தமிழில் நீலம் என்பதே கருங்குவளைப் பூவின் பெயர் என்றார். நான் நல்ல கறுப்பு. அன்றுவரை 'கரு' என்று தொடங்கிய எந்தச் சொல்லும் என்னை நிமிர வைத்ததில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன்.

சிங்கப்பூர் வந்த பிறகு, சுருக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆறெழுத்தையும் நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் எங்கள் அம்மனை நீலாம்பரியில் பாடியிருக்கிறார். தாலாட்டுக்கு உரிய ராகம். பேத்தியை அதைப் பாடித்தான் தூங்கவைக்கிறேன். அவளுக்கும் இதே பெயர், பிறப்புச் சான்றிதழில் முழுதாக.

1974ஆம் ஆண்டு எட்டாம் வகுப்புக் குழுப்படம் யாரிடமாவது இருந்தால் நம் பள்ளி மலரைத் தயாரிக்கும் குழுவுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நடுவில் நாற்காலியில் ஐயா இருப்பார். என்னிடம் அவர் படம் ஒன்றுகூட இல்லை.