பப் மாடியில் ஊர்க்கதை

2024 ஜனவரி 17, புதன்

கிழக்கு லண்டனில் கேனிங் டவுன் பக்கம் ஒரு பப்பின் மாடியறையில் மாதத்துக்கு ஒரு நாள் உள்ளூர் வரலாறு பேசுகிறார்கள். கட்டணம் கிடையாது. முடிந்ததும் ஒரு கிண்ணம் சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். எல்லோர் கையிலும் பியர், என் கையில் ஆரஞ்சு ஜூஸ். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று சில்வர்டவுன் வெடிவிபத்து பற்றிய பேச்சு. ஈஸ்ட் ஹாமில் இத்தனை வருடம் குடியிருக்கிறேன், இதே நியூஹாம் வட்டாரத்தில் நடந்தது எனக்குத் தெரியாது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. காஸ்டிக் சோடா தயாரித்த ப்ரன்னர் மாண்ட் தொழிற்சாலையில் டிஎன்டி வெடிமருந்தைச் சுத்திகரிக்க அரசு முடிவு செய்தது. சுற்றிலும் தொழிலாளர் வீடுகள், வேண்டாம் என்று நிறுவனமே சொல்லியும் கேட்கவில்லை. 1915 செப்டம்பரில் வேலை தொடங்கியது. 1917 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை மாலை 6.52க்கு சுமார் 50 டன் வெடித்தது. 73 பேர் இறந்தார்கள். தீயை அணைக்கப் போன தலைமை வேதியியலாளர் ஆண்ட்ரியாஸ் ஏஞ்சலும் அதில் ஒருவர். எதிரே இருந்த தீயணைப்பு நிலையமே நொறுங்கிப்போனது.

பேச்சாளர் முடித்த பிறகுதான் அறை உயிர்பெற்றது. மாலை நேரமாக இருந்ததால் பலர் கீழ்த்தளத்தில் இருந்தார்கள், இரவில் வெடித்திருந்தால் சாவு இன்னும் அதிகமாகியிருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்தார். அவருடைய அம்மா அன்று கைக்குழந்தையாம். கீழே அடுப்படியில் யாரோ மடியில் வைத்திருந்தார்களாம், மாடியில் தொட்டில் முழுக்கக் கண்ணாடித் துண்டுகளாம். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். இதற்காகவே இனி மாதாமாதம் வருவேன்.

ஜனவரி 20, சனி

நினைவுச் சின்னத்தைப் பார்க்கப் போனேன். அந்த இடம் இப்போது ராயல் வார்ஃப் அடுக்குமாடிக் குடியிருப்பு. விசாரணை அறிக்கையை 1950கள் வரை பொதுமக்களுக்குக் காட்டவில்லை என்பதை நினைக்க நினைக்க ஆறவில்லை.

பிப்ரவரி 21, புதன்

இன்றைய பேச்சு லண்டனில் 1814 அக்டோபர் 17 அன்று நடந்த பியர் வெள்ளம் பற்றி. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு பக்கம் மியூ மதுவடிப்பாலையில் பிரம்மாண்டமான பீப்பாய் உடைந்து, பியர் வெள்ளமாகப் பாய்ந்து செயின்ட் கைல்ஸ் ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளியது. எட்டுப் பேர் சாவு, எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். முதல் நாள் இறந்த ஒரு குழந்தையின் உடலோடு நிலவறையில் துக்கம் காத்தவர்களும் அதில் உண்டு.

ஜனங்கள் தெருவில் பியரை அள்ளிக் குடித்தார்கள் என்று பிற்காலத்தில் கதை கட்டினார்கள். அன்றைய பத்திரிகைகளில் அப்படி எதுவும் இல்லை. அறையில் சிலர் சிரித்தபோது பேச்சாளர் ஒன்றும் சொல்லாமல் எட்டுப் பேரின் பெயரையும் வயதையும் வாசித்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த எலினார் கூப்பருக்குப் பதினாலு வயது. அவள் ஒரு பப்பில் வேலை செய்த பெண்.

மரண விசாரணை, தொழிலாளர் சங்கம், ஈமச்சடங்குக்குச் சீட்டுக் கட்டுவது என்று அந்தக் காலத்தில் எத்தனையோ பப்பில்தான் நடந்திருக்கின்றன. ஏழைகளுக்கு வேறு மண்டபம் ஏது?

பிப்ரவரி 25, ஞாயிறு

இந்த யோசனை நாலு நாளாக விடவில்லை. 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் கடை போட்டவர்களின் கதையும் இந்த ஊர் வரலாறுதான். அந்த மாடியில் அது பேசப்படவில்லை, காரணம் நம்மவர்கள் பப்பில் கால் வைப்பதில்லை. கோயில் மண்டபத்தில் வைத்தால் நாம் மட்டும் கேட்போம். அந்தப் பாட்டி கேட்க வேண்டும், நம்மவர் கதையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

பழைய கடைக்கார மாமாவிடம் கேட்டேன்.

"பிள்ளை, அங்கை வந்து நான் என்ன செய்யிறது?"

தேத்தண்ணி தருவார்கள், நீங்கள் முதல் கடை போட்ட கதையைச் சொன்னால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வெள்ளிக்கிழமை எண்டால் ஏலாது, கோயிலுக்குப் போகோணும்."

புதன்கிழமை மாமா என்றேன். கடையின் பழைய படங்கள் மகள் வீட்டில் கிடக்குதாம், எடுத்துத் தருகிறேன் என்றார். ஏப்ரலில் இடம் இருக்கிறதா என்று அமைப்பாளரிடம் நாளை கேட்க வேண்டும்.