பால் மெக்கார்ட்னியை 'சாகடித்த' மாணவர்

ராக் இசை உலகின் கட்டுக்கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி 1966-லேயே கார் விபத்தில் இறந்துவிட்டார் என்பதுதான். அவர் இடத்தில் அச்சு அசலாக அவரைப் போன்ற இன்னொருவர் பாடிக்கொண்டிருந்தாராம்!

1969 அக்டோபரில் டெட்ராய்ட் வானொலி ஒன்றில் இந்த வதந்தியைக் கேட்டார் ஃப்ரெட் லபூர் என்ற மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர். பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்துக்கு மாணவர் பத்திரிகையில் விமர்சனம் எழுத வேண்டியவர், பாலின் மரணச் செய்தியையே எழுதிவிட்டார். துப்புகள் பலவற்றை அவரே கற்பனை செய்தார். மாற்று ஆளுக்கு வில்லியம் கேம்ப்பெல் என்று பெயர் வைத்ததும் அவர்தான். என்ன ஒரு கற்பனை!

அப்புறம், குழுவினர் நால்வரும் சாலையைக் கடக்கும் அந்த ஆல்பத்தின் அட்டைப்படத்தை ஊரே துருவ ஆரம்பித்தது. வெள்ளை உடையில் ஜான் சாமியார், கறுப்பு உடையில் ரிங்கோ இறுதிச் சடங்கு நடத்துபவர் மாதிரி என்றார்கள். பால் வெறுங்காலோடு நடக்கிறாரே, அது பிணத்தின் அடையாளமாம். பின்னால் நிற்கும் ஃபோக்ஸ்வாகன் காரின் எண்ணில் இருந்த '281 எஃப்'-ஐ '28 இஃப்' (If) என்று படித்து, 'இருந்திருந்தால் 28 வயது' என்று அர்த்தம் சொன்னார்கள். பாலுக்கு அப்போது 27தான்!

ஸ்காட்லாந்துப் பண்ணையில் குடும்பத்தோடு இருந்த பாலை 'லைஃப்' பத்திரிகை தேடிப்போய், நவம்பரில் அட்டையில் படம் போட்டது. 1993-ல் அவரே நாயோடு அதே சாலையைக் கடக்கும் அட்டையுடன் 'பால் இஸ் லைவ்' ஆல்பத்தை வெளியிட்டார். அந்தப் படத்தில் கார் எண் '51 இஸ்' (Is), அதாவது 'இருக்கிறார்'. அப்போது அவருக்கு வயது 51.